இரத்தத்தில் காற்றுக் குமிழி: உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சையும் மலைத் தோட்ட மக்களும்

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடம் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போனக்காடு. நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த இத்தேயிலைத் தோட்டத்தில் ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பழைய லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் தோட்டம் நலிவுற்றபோது அதனைச் சார்ந்த வசதிகளும் நலிவுற்றன. இன்று பெரிய சிகிச்சை எதற்கும் விதுரை, நெடுமங்காடு வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் நகருக்கே மக்கள் செல்ல வேண்டியுள்ளது.

இத்தகைய சிற்றூர்களுக்கும் நவீன மருத்துவம் மெல்ல மெல்ல எட்டி வருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பைப் பெறுவதற்காக 2016 ஆம் ஆண்டில் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. முன்னர் மாநகர்களில் மட்டும் கிடைத்த இச்சிகிச்சை இப்போது மாவட்ட, வட்ட மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. கழுத்துச் சிரையில் பொருத்திய குழாயுடன் நோயாளி வீடு திரும்புகிறார். வாரத்திற்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனை சென்று வருகிறார். இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அக்குழாயின் மூடி கழன்றுவிட்டாலோ, இடுக்கி திறந்துகொண்டாலோ, ஓரிரு மூச்சு நேரத்திற்குள் வெளிக்காற்று இரத்தத்தில் புகுந்துவிடக் கூடும். காற்றடைப்பு அல்லது எம்பாலிசம் என மருத்துவர் கூறும் இந்த விபத்து அரிதானது. ஆனால் உயிரைப் பறிக்க வல்லது. அதற்குரிய சிறப்புச் சிகிச்சையையும், அது தொலைதூர மக்களுக்கு எட்டுவதற்கான வழிகளையும் ஆராய்வது பயனுடையதாகும்.

காற்று நுழையும் வழிகள்

இரத்தக் குழாய்கள் மூடிய அமைப்பாகும். அதற்குள் காற்று புகுவதற்கு இரண்டு நிலைமைகள் ஒருங்கே ஏற்பட வேண்டும். ஒன்று, குழாயில் ஒரு திறப்பு. மற்றொன்று, உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்திருத்தல். உட்கார்ந்திருப்பவரின் கழுத்துச் சிரைகள் இருதயத்திற்கு மேலே இருப்பதால் அவற்றில் அழுத்தம் குறைவு. மூச்சை உள்ளிழுக்கும்போது அது மேலும் குறைகிறது. அப்போது அங்கே ஒரு திறப்பு இருக்குமானால், காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. 5 சென்டிமீட்டர் நீரின் உயரத்திற்குச் சமமான அழுத்த வேறுபாடே இருந்தாலும், 14 எண் அளவுள்ள ஊசியின் வழியாக ஒரு விநாடியில் சுமார் 100 மில்லிலிட்டர் காற்று புகக் கூடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. 200 முதல் 300 மில்லிலிட்டர் காற்று சிரைக்குள் விரைந்து புகுந்தால் வளர்ந்த மனிதருக்கும் மரணம் நேரலாம். அபாயம் எவ்வளவு விரைவானது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

மையச் சிரைக் குழாயைப் பொருத்தும்போதும் அகற்றும்போதும், டயாலிசிஸின்போதும், நோயாளியை உட்கார வைத்துச் செய்யும் மூளை அறுவையின்போதும், திறந்த இருதய அறுவையின்போதும், நுரையீரலில் ஊசியிட்டுத் திசு எடுக்கும்போதும், வாயு செலுத்திச் செய்யும் உள்நோக்கிச் சிகிச்சைகளின்போதும் இவ்விபத்து நேர்ந்துள்ளது. இவை அனைத்தும் உயிர் காக்கும் முறைகளே. மருத்துவ வசதி பரவப் பரவ இம்முறைகள் பெருகும். அவற்றோடு இவ்விபத்திற்கான வாய்ப்பும் பரவும். எனவே வசதியுடன் பாதுகாப்பும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

உடலுக்குள் நிகழ்வது

சிரையில் புகுந்த காற்று இருதயத்தின் வலப்பக்கம் சென்று நுரையீரலை அடைகிறது. சிறு குமிழிகளை நுரையீரல் வடிகட்டி வெளியேற்றிவிடும். அளவு மிகுந்தால், இருதயத்தின் வலக் கீழறையில் காற்று தங்கி இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடுகிறது. இருதயம் சுருங்கி விரிந்தாலும் காற்று நுரைப்பதன்றி இரத்தம் முன்னேறுவதில்லை.

தமனியில் புகும் காற்று இதனினும் கொடியது. மூளைக்குச் செல்லும் தமனியில் ஓரிரு மில்லிலிட்டர் காற்றே வலிப்பையும் பக்கவாதத்தையும் உண்டாக்கலாம். சிரையில் புகுந்த காற்றும் தமனிக்கு மாறக் கூடும். கருவிலிருக்கும் குழந்தையின் இருதய மேலறைகளுக்கு இடையே உள்ள துளை, பிறந்தபின் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முழுமையாக மூடுவதில்லை. அதன் வழியாகக் குமிழி இடப்பக்கம் கடந்து மூளையை அடைகிறது.

குமிழி வெறும் அடைப்பான் மட்டுமன்று. அது உரசிச் செல்லும் குழாயின் உட்சுவர் சேதமுறுகிறது. அங்கே வெள்ளணுக்களும் தட்டணுக்களும் ஒட்டிக்கொள்கின்றன; வீக்கம் தோன்றுகிறது. எனவே குமிழி கரைந்த பின்னரும் பாதிப்பு தொடரலாம். முதலில் தேறியவர் சில மணி நேரம் கழித்து மீண்டும் நலிவுறுவதற்கு இதுவே ஒரு காரணம்.

அழுத்தத்தின் கணக்கு

அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்பது ராபர்ட் பாயில் 17 ஆம் நூற்றாண்டில் கண்ட விதி. உயர் அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சையின் முதல் அடிப்படை இதுவே. நோயாளியை ஓர் இரும்பு அறையில் வைத்து, அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல 2.8 மடங்காக உயர்த்தினால் குமிழியின் கன அளவு 36 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் அதன் விட்டமோ 71 சதவீதமாக மட்டுமே குறைகிறது. 6 மடங்கு அழுத்தத்திலும் விட்டம் 55 சதவீதத்திற்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே நசுக்குவதால் மட்டுமே குமிழியை ஒழித்துவிட முடியாது.

இரண்டாவது அடிப்படையே முக்கியமானது. காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன். குமிழியிலும் பெரும்பகுதி அதுவே. நோயாளி தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கும்போது இரத்தத்திலுள்ள நைட்ரஜன் நுரையீரல் வழியாக வெளியேறிவிடுகிறது. நைட்ரஜன் குறைந்த இரத்தம் குமிழியைச் சூழும்போது, அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து வெளியேறுகிறது. உட்புகும் ஆக்ஸிஜனைத் திசுக்கள் பயன்படுத்திவிடுகின்றன. இவ்வாறு குமிழி சுருங்கி மறைகிறது.

மூன்றாவது அடிப்படை, திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அழுத்தத்திற்கேற்ப உயரும் என்ற ஹென்றியின் விதி. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லிலிட்டர் இரத்தத் திரவத்தில் சுமார் 0.3 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனே கரைந்திருக்கும். 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் இது சுமார் 6 மில்லிலிட்டராக உயர்கிறது. ஓய்விலிருக்கும் உடலின் தேவை ஏறத்தாழ இவ்வளவே. சிவப்பணுக்கள் செல்ல இயலாத அடைப்புக்கு அப்பாலும் இத்திரவம் கசிந்து சென்று மூளைத் திசுவைக் காக்கிறது.

இதே கணக்கை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் குமிழி பெரிதாகும். அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். கடல்மட்டத்தில் இருக்கும் ஒரு குமிழி அவ்வுயரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விரிந்துவிடும். பறக்கும் விமானத்தின் உள்ளே அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். அங்கே மூன்றில் ஒரு பங்கு விரியும். எனவே இந்நோயாளியை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல நேரிட்டால் இயன்ற அளவு தாழ்வாகப் பறக்க வேண்டும்; விமானமாயின் உள்ளழுத்தத்தைக் கடல்மட்ட நிலையில் வைத்திருக்க வேண்டும். மலைத் தோட்டத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் பயணம் இவ்வகையில் நோயாளிக்குச் சாதகமானதே.

கடலிலிருந்து மருத்துவமனைக்கு

இச்சிகிச்சை பாலம் கட்டியோரிடமும் முக்குளிப்போரிடமும் தோன்றி வளர்ந்ததாகும். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்திற்காக ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டகங்களுள் பலர் பணிபுரிந்தனர். வெளியே வந்ததும் மூட்டுவலிக்கும் வாதத்திற்கும் ஆளாயினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872 ஆம் ஆண்டில் இந்நோயால் முடங்கினார். உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக வெளிப்படுவதே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். மிகையான ஆக்ஸிஜன் வலிப்பை உண்டாக்கும் என்பதையும் அவரே எடுத்துரைத்தார். பிரித்தானிய அறிஞர் ஹால்டேன் 1908 ஆம் ஆண்டில் முக்குளிப்போர் படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் பூரேமா, இரத்தச் சிவப்பணுக்கள் அறவே நீக்கப்பட்ட பன்றிகளை அழுத்த அறையில் உயிருடன் வைத்திருக்க முடியும் என்று 1960 ஆம் ஆண்டில் காட்டினார். 1960களில் அமெரிக்கக் கடற்படை வகுத்த ஆக்ஸிஜன் அட்டவணைகள் இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன.

இந்தியாவிலும் இத்துறையின் தாயகம் கடற்படையே. மும்பையின் அஸ்வினி மருத்துவமனையும், கடற்படை மருத்துவக் கழகமும் இதில் நெடுங்கால அனுபவம் பெற்றவை. கடற்படையின் முக்குளிப்புப் பயிற்சிப் பள்ளி கொச்சியில் உள்ளது. பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் அழுத்த அறைகள் நிறுவப்பட்டுள்ளன.

அறைக்குள் நடைபெறுவது

அழுத்த அறைகள் இருவகைப்படும். ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய ஒளிபுகும் குழல் ஒருவகை; இதில் பொதுவாகத் தூய ஆக்ஸிஜனே நிரப்பப்படும். பலர் அமரக்கூடிய இரும்பு அறை மற்றொரு வகை. இதில் காற்றால் அழுத்தம் ஏற்றி, நோயாளிக்கு முகமூடி வழியாக ஆக்ஸிஜன் அளிப்பர். மயங்கிய நிலையிலுள்ள நோயாளியைக் கவனிக்க மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டியிருப்பதால், காற்றடைப்புக்குப் பெரிய அறையே ஏற்றது.

வழக்கமான அட்டவணைப்படி 18 மீட்டர் ஆழக் கடலுக்குச் சமமான 2.8 வளிமண்டல அழுத்தத்தில் சிகிச்சை தொடங்கும். 20 நிமிடம் ஆக்ஸிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றி அளிப்பர். நுரையீரலும் மூளையும் மிகை ஆக்ஸிஜனால் கெடாதிருக்கவே இந்த இடைவெளி. பின்னர் 9 மீட்டர் ஆழத்திற்குச் சமமான நிலைக்கு இறக்கிச் சிகிச்சை தொடரும். மொத்தம் 4 மணி 45 நிமிடம் ஆகும். குறை எஞ்சியிருந்தால் அடுத்த நாட்களிலும் அளிக்கப்படும்.

எளிய இயற்பியல் விதிகள் இங்கு ஒவ்வொரு செயலையும் ஆளுகின்றன. மூச்சுக்குழலில் பொருத்திய குழாயின் உறையில் காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்புவர். காற்றாயின் அழுத்தத்தில் சுருங்கிக் குழாய் நழுவும். மயங்கியவர் காதை அடைத்துத் திறக்க இயலாதவராதலால், செவிப்பறையில் சிறு துளையிட நேரலாம். நுரையீரலுக்கு வெளியே காற்றுத் தேங்கியிருந்தால் அதனை வடித்த பின்னரே அறைக்குள் அனுப்புவர். தீக்குத் துணைபோகும் எப்பொருளும் உள்ளே செல்லலாகாது. 1997 ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றின் அழுத்த அறையில் ஏற்பட்ட தீ 11 உயிர்களைக் குடித்தது. அறையை வாங்குவதைவிட, அதனைப் பாதுகாப்பாக இயக்கும் ஆட்களைப் பயிற்றுவிப்பதே பெரிய பணி.

காலமும் தூரமும்

மருத்துவ முறைகளின்போது மூளையில் காற்றடைப்பு ஏற்பட்ட 86 நோயாளிகளைப் பற்றிய பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிரை வழியாகக் காற்று புகுந்தோரில், 6 மணி நேரத்திற்குள் அழுத்த அறைச் சிகிச்சை பெற்றவர்கள் பிந்திப் பெற்றவர்களைவிட நன்கு தேறினர் என்பது அதன் முக்கிய முடிவு. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிகிச்சையை மறுத்து ஒப்பிடும் சோதனை இதில் அறமன்று. எனவே சான்றுகள் இத்தகைய தொகுப்பு ஆய்வுகளிலிருந்தே கிடைக்கின்றன. ஒரு நாள் கழித்துச் சிகிச்சை பெற்றுத் தேறியோரும் உண்டு. ஆகவே காலம் கடந்தது என்று கைவிடுதலும் தவறு; காத்திருத்தலும் தவறு.

இக்கணக்கைப் போனக்காட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். லயத்தில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், வாகனம் கிடைத்து நகரை அடையவே இரண்டு மணி நேரம் ஆகலாம். நோயை உணர்ந்து முடிவெடுக்க மேலும் நேரம் வேண்டும். அங்கிருந்து கொச்சி 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. சாலை வழியே நான்கைந்து மணி நேரம். ஆறு மணி நேரம் என்ற எல்லை வழியிலேயே கரைந்துவிடுகிறது. அறை எங்கேனும் இருந்தால் போதாது. நள்ளிரவிலும் அது இயங்குமா, செயற்கைச் சுவாசத்திலுள்ள நோயாளியை ஏற்குமா, யாரை அழைக்க வேண்டும் என்பன முன்னரே தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் நீரிழிவுப் புண்ணுக்கு மட்டும் சிகிச்சையளிக்கும் அறை, அவசர வேளையில் உதவாது போகலாம்.

முதல் மணி நேரத்தின் கடமைகள்

அழுத்த அறை தொலைவில் இருந்தாலும், உயிரைக் காக்கும் முதற்செயல்கள் எந்தச் சிறிய மருத்துவமனையிலும் இயலக்கூடியவை. முதலாவது, காற்று புகும் வழியை அடைத்தல்: குழாயை இடுக்கியால் மூடுதல், காயமாயின் ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தல். இரண்டாவது, நோயாளியை உடனே படுக்க வைத்தல். சிரை வழியே காற்று புகுந்தோரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கும் முறை 1947 ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. மூளை பாதிக்கப்பட்டோரைச் சமமாக மல்லாந்து படுக்க வைப்பதே இன்று விரும்பப்படுகிறது. தலையை நெடுநேரம் தாழ்த்தினால் மூளை வீக்கம் மிகும். மூன்றாவது, முகமூடி வழியாக இயன்ற அளவு தூய ஆக்ஸிஜன் அளித்தல். இது குமிழியிலிருந்து நைட்ரஜனை வெளியேற்றும் பணியை அப்போதே தொடங்கிவிடுகிறது. நான்காவது, தலையைப் படம் எடுக்கும் ஸ்கேன் வசதிக்காகக் காத்திராமல் அழுத்த அறையுள்ள இடத்தோடு தொடர்பு கொள்ளுதல். ஸ்கேனில் குமிழி தெரியாமலிருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இவற்றுக்கெல்லாம் முதற்படி, சந்தேகப்படுதல். மையக் குழாயைக் கையாண்ட சில நிமிடங்களில் திடீர் மூச்சுத் திணறல், இருமல், மார்புவலி, மயக்கம், வலிப்பு, கைகால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், காற்றடைப்பை நினைவில் கொள்ள வேண்டும்.

வருமுன் காத்தல்

மையக் குழாயை அகற்றும்போது நோயாளியை உட்கார வைக்கலாகாது. படுக்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் செய்து, குழாயை உருவியதும் அழுத்திப் பிடித்து, காற்று புகாத கட்டுப் போட வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது படுத்திருக்கச் செய்ய வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. செவிலியரின் பயிற்சியே தேவை. டயாலிசிஸ் இயந்திரத்தில் காற்றைக் கண்டறிந்து குழாயை மூடும் கருவி உண்டு. அதன் எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டுப் பணியைத் தொடரும் பழக்கம் அறவே கூடாது. உள்நோக்கிச் சிகிச்சையில் காற்றுக்குப் பதிலாக, இரத்தத்தில் விரைந்து கரையும் கரியமில வாயுவைப் பயன்படுத்துவது அபாயத்தைக் குறைக்கிறது.

டயாலிசிஸ் நோயாளிக்குக் கழுத்துக் குழாயைவிடக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் வழியே மேலானது. வீட்டில் திறந்துகொள்ளக் கூடிய மூடி அதில் இல்லை. ஆனால் அவ்விணைப்பு முதிரப் பல வாரங்கள் வேண்டும். நோய் முற்றிய பின்னர் முதன்முறையாக மருத்துவமனைக்கு வருபவருக்கு அவகாசம் இல்லாததால், அவசரமாகக் குழாயே பொருத்தப்படுகிறது. ஆகவே தோட்டப் பகுதிகளில் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றை முன்கூட்டியே சோதிப்பதும் காற்றடைப்பைத் தடுக்கும் பணியே ஆகும்.

குழாயுடன் வீடு திரும்புவோருக்குத் தரும் அறிவுரை அவர்கள் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். போனக்காட்டு லயங்களின் மூத்த தலைமுறையினரில் பலருக்குத் தமிழே வாய்மொழி. மலையாளத்தில் மட்டும் அச்சிட்ட தாள் அவர்கட்கு முழுப்பயன் தராது. இரண்டு இடுக்கிகளும் மூடியுள்ளனவா என்று நாள்தோறும் பார்த்தல், குழாயருகே கத்தரிக்கோலைக் கொண்டுசெல்லாமை, ஆற்றில் மூழ்கிக் குளிக்காமை, குழாய் திறந்துகொண்டால் உடனே இடுக்கியை மூடி அல்லது மடக்கிப் பிடித்து இடப்பக்கம் சாய்ந்து படுத்தல், 108 ஆம் எண்ணை அழைத்தல் ஆகிய ஐந்து செய்திகள் படத்துடன் கூடிய ஒரு தாளில் அடங்கும். ஆஷா பணியாளர் ஒருவர் இதனை வீட்டாருக்கும் செய்து காட்ட வேண்டும். மயங்கியவரால் தன் குழாயைத் தானே மூடிக்கொள்ள இயலாதன்றோ!

எதிர்காலத் தேவைகள்

வட்டந்தோறும் அழுத்த அறை அமைப்பது இயலாததும் தேவையற்றதுமாகும். ஆனால் ஒவ்வொரு கடலோரப் பெருநகரிலும் இரவும் பகலும் இயங்கும் ஒரு பெரிய அறை பொதுத்துறையில் இருப்பது நியாயமான கோரிக்கை. திருவனந்தபுரத்தில் 1951 ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், இருதய, நரம்பியல் அறுவையில் புகழ்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் உள்ளன. அருகிலேயே விழிஞ்ஞம் துறைமுகம் வளர்ந்து வருகிறது. துறைமுகம் வளரும் இடத்தில் நீரடிப் பணியாளர்களும் பெருகுவர். தூத்துக்குடிப் பகுதியில் படகிலிருந்து வரும் கம்ப்ரஸர் காற்றைச் சுவாசித்துக் கடலடியில் சங்கெடுப்போருக்கும் இத்தகைய அறை உயிர்க்காப்பாகும். நீரிழிவுப் புண், கதிர்வீச்சுச் சிகிச்சையால் நேர்ந்த திசுக்கேடு, கார்பன் மோனாக்ஸைடு நச்சு ஆகியவற்றுக்கும் அது பயன்படுவதால், அறையும் ஆட்களும் வாளாவிருக்க நேராது. கடற்படையின் அறைகளைக் குடிமக்களின் அவசரத்திற்குப் பெறும் நடைமுறையை எழுத்து வடிவில் வகுத்து, அதற்குரிய தொலைபேசி எண்ணை ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் எழுதி வைப்பது இன்றே செய்யக்கூடியது.

அரிய நோய்க்கு இத்துணை ஏற்பாடு வேண்டுமா என்ற கேள்வி எழலாம். காற்றடைப்பு பெரும்பாலும் இயற்கையாக வரும் நோயன்று. சிகிச்சையை நாடி வந்தவருக்குச் சிகிச்சையின் வழியே நேரும் விபத்து. டயாலிசிஸ் குழாயை மலையடிவாரம் வரை கொண்டுசென்ற திட்டம், அக்குழாயால் நேரக்கூடிய ஆபத்துக்கான காப்பையும் அங்கே கொண்டுசெல்லக் கடமைப்பட்டுள்ளது. அக்காப்பின் பெரும்பகுதி விலையுயர்ந்த கருவியில் இல்லை. ஒரு செவிலியரின் பயிற்சியிலும், தாய்மொழியில் அச்சிட்ட ஒரு தாளிலும், நேரத்தோடு செய்யப்படும் ஒரு தொலைபேசி அழைப்பிலும் அது அடங்கியிருக்கிறது. அழுத்த அறை இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. முந்தைய கண்ணிகள் உறுதியாக இருந்தால்தான் போனக்காட்டு நோயாளி உரிய நேரத்தில் அவ்வறையின் வாயிலை அடைய முடியும்.